பேட்டரி கீதா?

தேசிங்கு "கேக்கல சார்" என்று சொன்னார். அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தே அதை வேறொன்றாக எழுதினேன். அந்த ஒரு சொல்லில் அவருடைய வேலை போயிற்று. காது அதற்கு முன்பே போய்விட்டது. அதற்கும் காரணம் நான்தான். இன்னும் சரியாகச் சொன்னால், என் தமிழ்தான்.

இதை எழுதச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டது வேறு. நான் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற நகராட்சியில் இப்போது என் நாற்காலியில் ஜெயந்தி என்ற பெண் உட்கார்ந்திருக்கிறார். மரியாதை தெரிந்தவர். ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சார், தகன மேடையைப் புதுப்பிக்கிறோம். நீங்க அப்போ ஒரு போர்டு எழுதி வச்சீங்களாமே, தமிழ் அவ்வளவு அழகா இருக்குமாமே. அந்த வாசகம் ஞாபகம் இருக்கா சார்? இந்தத் தடவை கருங்கல்லுல வெட்டப் போறோம்."

மறந்தால்தானே? வாசகத்தை அதன் வரலாற்றோடு சேர்த்துத் தருகிறேன் என்றேன். "வரலாறெல்லாம் வேணாம் சார், வாசகம் மட்டும் போதும்" என்றார். நகராட்சியில் எப்போதுமே அப்படித்தான்.

சென்னையின் மேற்குப் புறநகரில் இருக்கும் அந்த நகராட்சியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவர்கள் மறுப்பு வெளியிட வேண்டியிருக்கும். மறுப்பு எழுதும் அளவுக்கு அங்கே தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கடைசியில் என்னையே எழுதித் தரச் சொல்வார்கள்.

படிப்பில் நான் குறை வைத்தவன் இல்லை. விலங்கியலில் பட்டம், சுகாதார ஆய்வாளர் பயிற்சி, பிறகு அஞ்சல் வழியில் தமிழ் முதுகலை. முதல் இரண்டும் வேலை வாங்கித் தந்தன. மூன்றாவது வேலையைக் கெடுத்தது. கொசு, குப்பை, ஓட்டல் சாம்பார் ஆகிய மூன்றையும் மேற்பார்வை பார்த்துப் பல வருடங்கள் ஓடின. மூன்றும் என்னைப் பொருட்படுத்தவே இல்லை. அதன் பிறகுதான் எரிவாயு தகன மேடையை என் பொறுப்பில் விட்டார்கள். பூந்தமல்லி ஷேர் ஆட்டோக்காரர்கள் அந்த இடத்தை "கேஸ் ஸ்டாப்பிங்" என்பார்கள். "கேஸ் எல்லாம் எறங்கு" என்று ஓட்டுநர் கத்தும்போது முதல் சில நாள் எனக்குச் சங்கடமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

அங்கே அடுப்பை இயக்கியவர் தேசிங்கு, ஒப்பந்ததாரரின் ஆள். மீசைக்கு மை போடுவார். தலைக்குப் போட மாட்டார், அதற்கு வருமானம் பற்றாது என்பார். அடுப்புக்குக் காற்றை ஊதும் மோட்டார் சதா இரைந்துகொண்டே இருக்கும். அதை மீறிப் பேசிப் பேசி, வீட்டில் தண்ணீர் கேட்டாலும் தெருவுக்கே கேட்கும்படிதான் கேட்பாராம். சண்டைக்காரர். பூவை வாரி இறைப்பவர்களிடம் சண்டை, மேளக்காரர்களிடம் சண்டை, என்னிடமும் சண்டை. ஒரே வாக்கியத்தில் 'சார்' என்றும் 'நீ' என்றும் சொல்வார். அது எனக்கு அறவே பிடிக்காது.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். உடல் மேடைக்கு வந்ததும் யாராக இருந்தாலும் துணியை விலக்கித் தடவிப் பார்ப்பார். போகிறவர்களோடு நம் ஜனங்கள் என்னென்ன அனுப்புகிறார்கள் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். நண்பர்கள் வேட்டி மடிப்பில் குவார்ட்டர் பாட்டில் சொருகியிருப்பார்கள். மகன் அப்பாவுடைய செல்போனை வைத்திருப்பான், அதுவும் முழுச் சார்ஜில். சென்ட் பாட்டில் இருக்கும், தேங்காய் இருக்கும். "உள்ள பூட்ச்சின்னா எல்லாமே பட்டாசு சார்" என்று ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைப்பார். குவார்ட்டரை எடுக்கும்போது மட்டும் நண்பர்கள் அழுகையை நிறுத்திவிட்டு, அதை எங்கே வைக்கிறார் என்று பார்ப்பார்கள்.

தடவினாலும் சட்டென்று தெரியாத பட்டாசும் ஒன்று உண்டு. இதயத் துடிப்பு குறைந்தவர்களுக்குக் காரை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவில் பேஸ்மேக்கர் வைக்கிறார்கள். அதற்குள் பேட்டரி இருக்கிறது. அடுப்புச் சூட்டில் அது வெடிக்கும். செங்கல் சுவர் விரியும், கதவு தெறிக்கும். முட்டியில் வைக்கும் இரும்பு ஒன்றும் செய்யாது. சாம்பலோடு சமர்த்தாக வெளியே வந்துவிடும். ஆகவே உடலை உள்ளே தள்ளுவதற்கு முன் தேசிங்கு உறவினர்களிடம் ஒரு கேள்வி கேட்பார். இருக்கிறது என்றால் பொருத்திய மருத்துவமனைக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அங்கிருந்து ஆள் வந்து சிறிதாகக் கீறி, கருவியை எடுத்து, வயர்களைத் துண்டித்து, தையல் போட்டுத் தருவார். சில கருவிகள் தாமாகவே அதிர்ச்சி கொடுக்கும் வகை. அவற்றைத் தொடுவதற்கு முன் அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் எடுப்பவருக்கு அடி விழும். இத்தனைக்கும் ஆரம்பம் அந்தக் கேள்விதான். 'இருக்கிறதா' என்பது தேசிங்கு வாயில் 'கீதா' என்றுதான் வரும். கேள்வியை எல்லோரிடமும் ஒரே மாதிரி, மோட்டார் இரைச்சலுக்கு மேலே கேட்பார்:

"நெஞ்சுல பேட்டரி கீதா?"

ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வந்த ஒரு குடும்பத்தால் அந்தக் கேள்விக்கு வினை வந்தது. இறந்தவர் தொழிற்சாலை ஒன்றில் ஓய்வு பெற்றவர். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர்கள். நான் அன்று அங்கே இருந்தேன். தேசிங்கு அந்த அம்மாளிடமே போய்க் கேட்டார்.

"அம்மா, ஐயாவுக்கு பேட்டரி கீதா?"

அந்த அம்மாள் நிமிர்ந்தார். "கீதாவா? யாருங்க அது?"

"நெஞ்சுலம்மா, நெஞ்சுல! பேட்டரி கீதா?"

"நெஞ்சுல கீதாவா?" அழுகை நின்றுவிட்டது. மகன் பக்கம் திரும்பினார். "ஏன் கண்ணு, உங்கப்பா பேட்டரி செக்ஷன்லதான இருந்தாரு?"

தேசிங்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு, "உனுக்குத் தெரியாம வச்சிருந்தாலும் வச்சிருப்பாரும்மா, ஆஸ்பத்திரில கேட்டா சொல்லிடுவாங்க" என்றார்.

அதன் பிறகு நடந்ததை நான் விவரிக்க விரும்பவில்லை. இறந்தவர் அப்பழுக்கில்லாதவர் என்று செக்ஷன் ஆட்களே வந்து சாட்சி சொன்ன பிறகுதான் தகனம் நடந்தது. மறுநாள் மகன் புகார் கொடுத்தார்.

புகார் என் மேலதிகாரியிடம் போயிற்று. அவர் நகர்நல அலுவலர், டாக்டர். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை, உத்தரவு போட்டும் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் கேள்வியாகத்தான் சொல்வார். கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே, ஜன்னலைப் பார்த்துக் கேட்பார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எதிரில் இருப்பவர் முகம் தெரியாது. அது அவருக்கு வசதி. கேள்விக்குக் கையெழுத்து தேவையில்லை என்பதை அவர் பணியில் சேர்ந்த அன்றே கண்டுபிடித்திருக்க வேண்டும்.

"மயானத்தில் இப்படியா பேசுவது?" என்றார்.

"இல்லை சார்."

"அந்த ஆள் கேட்கத்தான் வேண்டுமா?"

"பேட்டரி வெடிக்கும் சார்."

"நான் வெடிக்காது என்றேனா? எழுதி வைத்தால் யாராவது சண்டைக்கு வருவார்களா? உங்களுக்குத்தான் தமிழ் வருமே?"

கடைசிக் கேள்வியில் நான் விழுந்தேன். என் பணிக்காலம் முழுவதும் யாரும் கேட்காத கேள்வி அது.

அன்று வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். 'பேஸ்மேக்கர்' என்று எழுதக் கை வரவில்லை. 'பேட்டரி' என்பதை நினைத்தும் பார்க்கவில்லை. 'இதயமுடுக்கி' என்று எழுதினேன். ஒரு சொல்லா, இரு சொல்லா என்று நெடுநேரம் யோசித்து ஒரு சொல் என்று தீர்மானித்தேன். முடிவில் வாசகம் இப்படி அமைந்தது:

'அன்னாரின் பூதவுடலில் இதயமுடுக்கி முதலான உள்வைப்புக் கருவிகள் ஏதேனும் பொருத்தப்பட்டிருப்பின், எரியூட்டலுக்கு முன்னரே தெரிவித்து ஒத்துழைக்க வேண்டுகிறோம்.'

என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "ரொம்ப நல்லா இருக்கு, யார் செத்துட்டாங்க?" என்றாள்.

பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் அது மாட்டப்பட்ட அன்று தேசிங்கு வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா சார் இது, சாமி பாட்டா?"

"அறிவிப்பு. இனிமேல் நீ எதுவும் கேட்கக் கூடாது. கையைக் கூப்பி பலகையைக் காட்டு. படித்தவர்கள் படித்துப் புரிந்துகொள்வார்கள்."

"பேட்டரின்னு ஒரு வார்த்த போட்டுடு சார். மூலையிலயாவது போடு."

"பேட்டரி தமிழ் இல்லை."

"வெடிக்கிறப்ப மட்டும் தமிழ்ல வெடிக்கப் போவுதா?"

வாயை மூடு என்றேன். அப்போதெல்லாம் நான் அவரை 'நீ' என்றுதான் பேசுவேன். அவர் என்னை அப்படிப் பேசுவதுதான் மரியாதைக் குறைவு.

பலகைக்கு நல்ல வரவேற்பு. வந்தவர்கள் அதற்கு முன்னால் நின்று கும்பிட்டார்கள். சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நசரத்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெரியவர் அதை இரங்கற்பா என்று நினைத்து உரக்கப் படித்தார். கூட்டம் மொத்தமும் தலை குனிந்து நின்றது. 'ஒத்துழைக்க வேண்டுகிறோம்' என்ற இடத்தில் அவருக்குக் குரல் உடைந்தது. நான் ஓரமாக நின்று கேட்டேன். பெருமையாக இருந்தது. அதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது.

அந்தப் பலகையைப் படித்துவிட்டு யாரும் எதையும் தெரிவிக்கவில்லை. நானோ, இப்போது யாருக்கும் கருவியே இல்லை போலிருக்கிறது, ஜனங்களுடைய ஆரோக்கியம் முன்னேறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் திருவேற்காட்டில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரின் உடல் வந்தது. மகன் கணினிக் கம்பெனியில் வேலை செய்பவர். மருமகன் திருநெல்வேலிக்காரர். வார்டு கவுன்சிலருக்குத் தெரிந்த குடும்பம் என்பதால் காலையிலேயே நான் போய் நின்றேன். பட்டுப்புடவை, அதற்கு மேல் மாலைகள், முகம் தவிர எதுவும் தெரியவில்லை. தேசிங்கு மாலைகளை எடுத்தார். வழக்கம்போலத் தடவிப் பார்க்கப் போனவர், பட்டுப்புடவையையும் என்னையும் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். மகனிடம் போய் வாயைத் திறந்தார்.

"அண்ணாத்தே, அம்மாவுக்கு..."

அதற்குள் நான் அவரை முறைத்துப் பார்த்தேன். பார்த்ததோடு நிற்காமல் தலையையும் அசைத்தேன். வேண்டாம் என்று. அவர் வாயை மூடிக்கொண்டு, கைகளைக் கூப்பி, பலகையைக் காட்டினார். மகன் பலகையைப் பார்த்தார். மருமகன் படித்தார். இருவரும் கும்பிட்டார்கள். உடல் உள்ளே போயிற்று.

கொஞ்ச நேரம் கழித்துப் பின்பக்கக் கதவில் உள்ள சிறு மூடியைத் திறந்து, எரிவது சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுதான் நடைமுறை. தேசிங்கு பின்னால் போனார். நான் முன்னால் உறவினர்களோடு நின்றேன். அப்போது வெடித்தது.

கூரையில் இருந்த புறாக்கள் எல்லாம் கிளம்பின. பெண்கள் அலறினார்கள். மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன சார் அது? என்ன சார் சத்தம்?" என்றார்.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் வாயில் வந்தது இது: "அம்மா பெரிய ஆத்மா. கபாலம் திறந்திருக்கிறது. எல்லோருக்கும் இது வாய்க்காது."

கூட்டம் கை கூப்பியது. யாரோ சங்கு ஊதினார். நான் முன்பக்கம் ஒருவருக்கு மோட்சம் கொடுத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், பின்பக்கம் தேசிங்கு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். தெறித்து வந்த இரும்பு மூடி வலது காதோரம் அடித்திருந்தது. விரலிடுக்கில் ரத்தம். நான் போனதும் என் உதடுகளைப் பார்த்தார். காதைக் கொடுக்கவில்லை.

மறுநாள் சாம்பல் வாங்க வந்தபோது உருகிய உலோகத் துண்டு ஒன்று கிடைத்தது. மகன் அதைக் கையில் வைத்துப் பார்த்தார். "இது அம்மாவோட பேஸ்மேக்கர் சார்" என்றார். "கேட்டிருந்தா சொல்லியிருப்போமே. யாரும் கேக்கலையே."

பலகையைக் காட்டினேன்.

மகன், "நான் படிச்சதெல்லாம் வெளியூர்ல சார். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அத்தான்தான் படிச்சார்" என்றார்.

மருமகன் பலகையை மறுபடி படித்தார். "இதய முடுக்கியா? எங்கூர்ல முடுக்குன்னா சந்துல்லா சார். பக்கத்துல ஏதோ தெரு பேருன்னுல்லா நெனச்சேன்."

தப்பு அவர்கள் மேல் இல்லை. ஆனாலும் பதினாறாம் நாள் அழைப்பிதழில் 'பேரொலியுடன் சிவபதம் அடைந்த' என்றே அச்சிட்டார்கள். என் சொற்களில் பொதுமக்களுக்குப் புரிந்தது அந்தப் பொய் ஒன்றுதான்.

அடுப்பு பழுதானால் நகராட்சிக்கு விளக்கம் தேவை. ஆள் பழுதானால் அவ்வளவு தேவையில்லை. விசாரணையை என்னிடமே ஒப்படைத்தார்கள். தேசிங்கு காதில் பஞ்சும் தலையைச் சுற்றிக் கட்டுமாக என் மேஜைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். நான் கேள்வியை வாசித்தேன்.

"இறந்தவரின் உறவினரிடம் உள்வைப்புக் கருவி குறித்துக் கேட்டீரா?"

அவர் கட்டுப் போட்ட பக்கத்தைக் கையால் தொட்டார். "கேக்கல சார்."

நான் எழுதினேன்: 'கேட்கவில்லை என ஒப்புக்கொண்டார்.'

"இந்தக் காதுல ஒண்ணுமே கேக்கல சார்" என்றார் அவர். "சத்தமா சொல்லு."

இந்த இரண்டாவது வாக்கியத்தை நான் எழுதவில்லை.

அறிக்கையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். மனம் உறுத்தியது. அதனால் அரைகுறையாக இழுத்தேன். "அவர் கேட்காததற்கு ஒரு காரணம் இருக்கிறது சார்."

கண்ணாடி கழன்றது. "நான் காரணம் கேட்டேனா?"

"இல்லை சார்."

"அவன் கேட்கவில்லை என்பது உண்மையா, இல்லையா?"

"உண்மைதான் சார்."

"உண்மையை எழுதினால் தப்பா?"

கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு பொய்கூட இல்லை. கேட்க விடாமல் தடுத்தவன் யார் என்பது மட்டும் இல்லை. ஒப்பந்ததாரர் தேசிங்கை அன்றே அனுப்பிவிட்டார். 'கேட்க வேண்டியதைக் கேட்காத ஆள்' என்ற பெயர் அக்கம்பக்கத்து மயானங்களுக்கு அவரைவிட முன்னால் போய்ச் சேர்ந்தது. எங்கேயும் எடுக்கவில்லை. பலகை மழையில் எழுத்து உதிரும்வரை அங்கேயே இருந்தது. புதிதாக வந்த ஆள் வாயே திறக்காமல் கையைக் கூப்பினார்.

நான் ஓய்வு பெற்ற விழாவில் டாக்டர் என் தமிழைப் புகழ்ந்து பேசினார். அவருடைய பேச்சில் கேள்விக்குறி இல்லாத வாக்கியங்களை நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

ஜெயந்தி கருங்கல் என்று சொன்ன பிறகுதான் எனக்குத் தூக்கம் போயிற்று. பெயின்ட் என்றால் மழை பார்த்துக்கொள்ளும். கல்லை யார் பார்த்துக்கொள்வது? அவருக்கு எழுதிப் பார்த்தேன், பேசியும் பார்த்தேன். 'பேட்டரி' என்று எழுதுங்கள் என்றேன். "சார், நீங்களா இப்படிச் சொல்றீங்க?" என்று சிரித்தார். நான் தருவதற்கு முன்பே வாசகம் அவருக்குப் பழைய கோப்பிலிருந்து கிடைத்துவிட்டது.

தேசிங்கைத் தேடிப் போனேன். கரையான்சாவடியில் இருசக்கர வாகன ஸ்டாண்டில் டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்து ஆரன் அடிப்பவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார். மீசையில் மை இல்லை. அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சில் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த மன்னிப்பைச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். நான் செய்தது, எழுதியது, எழுதாமல் விட்டது எல்லாவற்றையும் சொன்னேன். கண் கலங்கியது. அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் முடித்த பிறகு திரும்பினார்.

"யாரு? அட, சாரா? இன்னா சார், எப்ப வந்த? அந்தப் பக்கம் எனுக்குக் கேக்காது."

எழுந்து மறுபக்கம் போய் உட்கார்ந்தேன். இரண்டாவது தடவை அவ்வளவு நன்றாக வரவில்லை. சுருக்கமாகச் சொல்லிவிட்டேன்.

அவர் டோக்கன் கட்டை மடியில் வைத்தார். "காது பூட்ச்சி, அது கெடக்கட்டும். வயசானா எப்படியும் பூடும். கேக்காம வுட்டவன்னு எழுதிட்டியே சார். நான் வாயத் தொறந்தேனா இல்லியா? உன் மூஞ்சப் பாத்துதான மூடுனேன்?"

"ஆமாம்."

"அத்த ஆபீசுல சொல்லு. என்னாண்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? எனுக்குத்தான் தெரியுமே."

அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். அதற்கு முன் டாக்டரையும் போய்ப் பார்த்தேன். அவரும் ஓய்வு பெற்று அண்ணா நகரில் இருக்கிறார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். கண்ணாடியைத் துடைத்தார். "அப்படி எழுதச் சொல்லி நான் சொன்னேனா?" என்றார். யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை. கேட்டார், அவ்வளவுதான்.

அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. பணியில் இருந்தபோது செய்த தவறைப் பணியில் இல்லாதபோது ஒப்புக்கொள்வதற்கு நடைமுறை ஏதும் இல்லை என்றும், எனவே நான் தவறு செய்யவில்லை என்றே கருதப்படும் என்றும் எழுதியிருந்தார்கள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த நற்சான்று அது. ஜெயந்தி அதைத் தொலைபேசியில் சொல்லி வாழ்த்தவும் செய்தார்.

கல்லும் வந்துவிட்டது. கறுப்புக் கல், பொன்னிற எழுத்து. என் வாசகம். 'இதயமுடுக்கி' ஒரே சொல்லாகத்தான் இருந்தது.

அதன் பிறகு செய்ய எனக்கு ஒன்றுதான் மிஞ்சியது. காலையில் காப்பி குடித்துவிட்டு, ஷேர் ஆட்டோவில் ஏறி, "கேஸ் எல்லாம் எறங்கு" என்றதும் இறங்கி, அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் போய் நிற்க ஆரம்பித்தேன். வருகிறவர்கள் கல்லைக் கும்பிட்டு முடித்ததும் கேட்பேன்: "நெஞ்சில் பேட்டரி வைத்திருக்கிறார்களா?" நானே எழுதியதை நானே மொழிபெயர்த்துக்கொண்டு நின்றேன். அங்கே வேலை செய்பவர்கள் ஏன் சார் இந்த வேண்டாத வேலை என்று கேட்டால், இது தேசிங்கு கேட்ட கேள்வி, நான்தான் தடுத்தேன், அவர் கேட்காமல் விட்டவர் இல்லை என்று சொல்வேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு எனக்கு டீ வாங்கித் தருவார்கள். வயதானவர்களிடம் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும்.

பலர் முறைத்தார்கள். பலர் இல்லை என்றார்கள். ஒருநாள் ஒரு பெண், கல்லைக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தவர், என் கேள்விக்குச் சட்டென்று நின்றார். "ஆமாங்க, அப்பாவுக்கு பேட்டரி இருக்கு. சொல்லணுமா?" மருத்துவமனையிலிருந்து ஆள் வந்தார், எடுத்தார். தீப்பெட்டி அளவில் ஒரு பளபளப்பு. அன்று அடுப்பு அமைதியாக எரிந்தது. அடுப்புக்குப் பின்னால் மூடியைத் திறந்து பார்க்கப் போன ஆள் இரண்டு காதுகளோடு திரும்பி வந்தார். அவருக்கு விசேஷமாக எதுவும் நடக்கவில்லை என்பதால் அவர் எதையும் கவனிக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் என் மேல் புகார் வந்தது. அப்பாவை இழந்த ஒரு மகன் கொடுத்தது. 'இஸ்திரி போட்ட சட்டை அணிந்த முதியவர் ஒருவர் அநாகரிகமான கேள்வி கேட்கிறார். என் தந்தை என்ன டார்ச் லைட்டா?' என்று எழுதியிருந்தாராம். ஜெயந்தி என்னை வரச் சொன்னார். என் பழைய நாற்காலியில் அவர், எதிரில் நான். தேசிங்கு உட்கார்ந்த அதே இடம்.

"சார், நீங்க பெரியவங்க, நான் சொல்லக் கூடாது. மயானத்துல இப்படியா சார் கேக்குறது? கல்லுல எவ்வளவு நாகரிகமா எழுதியிருக்கு, அதுவும் நீங்களே எழுதினது. வெறுமனே கையைக் காட்டினா போதாதா?"

போதாது என்றேன். அவர் பெருமூச்சு விட்டு, இனிமேல் வளாகத்துக்குள் வர வேண்டாம் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். இப்போது நான் கேட்டுக்கு வெளியே நின்று கேட்கிறேன்.

அன்று அங்கிருந்து நேராகக் கரையான்சாவடிக்குத்தான் போனேன். பெஞ்சில் சரியான பக்கம் பார்த்து உட்கார்ந்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கையைக் காதுக்குப் பின்னால் குவித்தார்.

"இன்னா? இன்னொரு வாட்டி சொல்லு."

மறுபடி சொன்னேன். நாகரிகமாகக் கேட்கக் கூடாதா என்று என்னைக் கேட்டார்கள் என்றேன்.

"சரியா கேக்கல சார். இரு." வண்டி தள்ளிக்கொண்டிருந்த இருவரைக் கூப்பிட்டார். "டேய் மாமே, இங்க வாங்கடா. சார் எங்க பெரிய ஆபீசர். இன்னா ஆச்சின்னு அவரே சொல்வாரு பாரு. சொல்லு சார், மொதல்லேர்ந்து."

முதல் தடவையே அவருக்கு நன்றாகக் கேட்டிருந்தது என்று எனக்குத் தெரியும். மூன்றாம் முறையும் முதலிலிருந்து சொன்னேன். பலகை, என் பார்வை, என் தலையசைப்பு, 'கேக்கல', கல், டார்ச் லைட், எல்லாம். அந்த இருவரும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். தேசிங்கு தொடையில் தட்டிச் சிரித்தார், இருமல் வரும்வரை. மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கிளம்பும்போது என் சட்டைப் பையில் ஒரு விரலை வைத்துத் தட்டினார். சாலை இரைச்சலுக்கு மேலே, பழைய குரலில் கேட்டார்.

"சார், உனுக்கு நெஞ்சுல பேட்டரி கீதா?"

"இல்லை" என்றேன்.

"கேட்டேன், பாத்துக்க. கேக்கலன்னு எழுதிடாத."

எழுதவில்லை. கேட்டார். இரண்டு பேர் சாட்சியாக, நல்ல சத்தமாகவே கேட்டார்.